பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை நீக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்வேர்டை நீக்கும் பட்டனைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. அதை அழுத்தினால் எங்கிருந்தெல்லாம் போகும், எங்கே அப்படியே உட்கார்ந்திருக்கும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதனால் வழிமுறைகளைச் சுருக்கமாகவும் மற்றதைக் கொஞ்சம் விரிவாகவும் எழுதியிருக்கிறேன். பிரவுசர்களின் மெனு அடிக்கடி இடம் மாறும். இங்கே சொன்ன பெயர் அதே இடத்தில் இல்லாவிட்டால், செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் 'பாஸ்வேர்டு' என்று தேடுங்கள், வந்துவிடும்.

பிரவுசரில் இருந்து பாஸ்வேர்டை நீக்கினால் என் கணக்கு போய்விடுமா?

போகாது. பிரவுசரில் இருப்பது உங்கள் வசதிக்காக எழுதி வைத்த ஒரு பிரதி மட்டும்தான். கணக்கும் அதன் பாஸ்வேர்டும் அந்த இணையதளத்திடம் அப்படியேதான் இருக்கும். அடுத்த முறை உள்ளே போக அதை நீங்களே தட்ட வேண்டும், அவ்வளவுதான். நினைவில் இல்லையென்றால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்ற வழியில் போக வேண்டியிருக்கும். ஆகவே நீக்குவதற்கு முன், அந்தக் கணக்கோடு இணைத்த மின்னஞ்சலும் ஃபோன் எண்ணும் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீக்கிவிட்டேன், ஆனால் அந்தத் தளம் இன்னும் என் கணக்கோடு திறக்கிறதே?

பாஸ்வேர்டு ஒரு பக்கம், நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பது இன்னொரு பக்கம். உள்ளே நுழைந்ததற்கு அடையாளமாகத் தளம் ஒரு குக்கீயைப் பிரவுசரில் போட்டு வைக்கும். பாஸ்வேர்டை நீக்கினாலும் குக்கீ போகாது. வெளியே வர வேண்டுமானால் லாக்அவுட் செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தத் தளத்தின் குக்கீயை அழிக்க வேண்டும்.

குரோமில் ஒரே ஒரு பாஸ்வேர்டை மட்டும் எப்படி நீக்குவது?

கம்ப்யூட்டரில்: வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகள், அதில் 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் ஆட்டோஃபில்', அதற்குள் 'கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர்'. வரிசையில் தளத்தின் பெயரை அழுத்தினால் கம்ப்யூட்டரின் சொந்தப் பாஸ்வேர்டையோ பின் எண்ணையோ கேட்கும். கொடுத்த பிறகு 'டெலிட்' தெரியும்.

ஆண்ட்ராய்டு ஃபோனில்: குரோமின் மூன்று புள்ளிகள், செட்டிங்ஸ், கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர். அப்புறம் அதே கதைதான். இந்தப் பட்டியலில் இணையதளங்கள் மட்டும் இருக்காது. ஃபோனில் உள்ள ஆப்களுக்குள் நுழையும்போது சேமித்தவையும் இங்கேதான் வந்து சேரும். குரோமில் திறந்தே பார்க்காத ஒரு பெயர் வரிசையில் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

ஒரே தளத்துக்கு நாலைந்து பதிவுகள் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

பட்டியலைப் பொறுமையாகத் திறந்து பார்த்தால் பெரும்பாலோருக்கு இது இருக்கும். ஒரு பதிவில் சரியான மின்னஞ்சல். அடுத்ததில் அதே மின்னஞ்சல், நடுவில் ஓர் எழுத்து பிசகி. மூன்றாவதில் பயனர் பெயரே காலி, பாஸ்வேர்டு மட்டும் இருக்கும். பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தில் பெயர் கேட்கும் கட்டம் இல்லாததால், புதியதைப் பிரவுசர் பெயரில்லாமல் சேமித்து வைத்தது அது. நாலாவது, அதே நிறுவனத்தின் வேறொரு துணை முகவரியில் சேமித்தது.

இங்கே அவசரப்பட்டால் வம்புதான். பெயர் காலியாக இருப்பதைக் குப்பை என்று நினைத்து முதலில் நீக்கத் தோன்றும். ஆனால் சில சமயம் நடப்பு பாஸ்வேர்டு அதில்தான் இருக்கும், பெயரோடு இருப்பது பழையதாக இருக்கும். ஒவ்வொன்றின் கண் படத்தையும் அழுத்திப் பார்த்து, தளத்தில் போட்டு நுழைந்து பார்த்து, வேலை செய்வது எது என்று தெரிந்த பிறகு மற்றவற்றை நீக்குங்கள். வேலை செய்யும் பதிவில் பெயர் இல்லையென்றால் அங்கேயே 'எடிட்' அழுத்திச் சேர்த்துவிடலாம்.

மொத்தமாக எல்லாவற்றையும் ஒரே அடியாக நீக்க முடியுமா?

முடியும். குரோமின் பதிப்பைப் பொறுத்து அந்த வழி இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். பாஸ்வேர்டு மேனேஜருக்குள் உள்ள செட்டிங்ஸில் எல்லாத் தரவையும் அழிக்கும் பட்டன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் 'டெலிட் பிரவுசிங் டேட்டா' திரையில், 'அட்வான்ஸ்டு' பகுதியில், பாஸ்வேர்டுக்கான கட்டம் இருக்கும். அங்கே மேலே காலத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'ஆல் டைம்' என்று வைக்க வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் என்று இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் சேமித்தவை மட்டும் போகும். 'அழித்தும் போகவில்லை' என்று வருகிற புகார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அழுத்துவதற்கு முன் அடுத்த கேள்வியைப் படித்துவிடுங்கள்.

லேப்டாப்பில் நீக்கினேன், ஃபோனிலும் காணாமல் போய்விட்டது. ஏன்?

சிங்க். கூகுள் கணக்கோடு குரோமுக்குள் நுழைந்து பாஸ்வேர்டுகள் சிங்க் ஆகும்படி வைத்திருந்தால், எல்லாக் கருவிகளிலும் நீங்கள் பார்ப்பது ஒரே பட்டியல். லேப்டாப்பில் நீக்குவது, கணக்கில் இருந்தே நீக்குவது. அதே கணக்கு இருக்கும் ஃபோன், டேப்லெட், ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலிருந்தும் போய்விடும். ஃபயர்பாக்ஸ், எட்ஜ், ஆப்பிளின் ஐகிளவுட் கீசெயின், எல்லாம் இப்படித்தான்.

ஆகவே 'நீக்க வேண்டும்' என்று தோன்றும்போது முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கருவியில் மட்டும் இருக்கக் கூடாதா? எங்குமே இருக்கக் கூடாதா? அல்லது அந்தப் பாஸ்வேர்டே இனி யாருக்கும் பயன்படக் கூடாதா?

இந்தக் கருவியில் மட்டும் வேண்டாம் என்றால் டெலிட் பட்டன் பக்கமே போகாதீர்கள். பிரவுசரில் இருந்து உங்கள் கணக்கை வெளியேற்றுங்கள். வெளியேறும்போது 'இந்தக் கருவியில் உள்ள தரவையும் அழிக்கவா' என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். அல்லது அந்தப் பிரவுசர் புரொஃபைலையே, அதாவது பிரவுசருக்குள் உங்களுக்கென்று தனியாக இருக்கும் பகுதியையே, நீக்கிவிடுங்கள். கணக்கில் உள்ள பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. எங்குமே வேண்டாம் என்றால் சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீக்குங்கள். சிங்க்கை நிறுத்திவிட்டு நீக்கினால், பிறகு ஒருநாள் அதை மீண்டும் இயக்கும்போது நீக்கியதெல்லாம் திரும்பி வந்து நிற்கும். மூன்றாவது வகை என்றால் பிரவுசரில் செய்ய ஒன்றுமே இல்லை. அந்தத் தளத்துக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். நீக்குவது அதற்குப் பிறகு.

ஃபயர்பாக்ஸில்?

மூன்று கோடு மெனு, 'பாஸ்வேர்ட்ஸ்'. இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம், அதன் மேல் 'ரிமூவ்'. மொத்தமாக நீக்க, அதே பக்கத்தின் மேலே உள்ள மூன்று புள்ளிகளில் வழி இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் வரலாற்றை அழிக்கும் திரையில் பாஸ்வேர்டுக்கான கட்டமே கிடையாது. அங்கே எல்லாவற்றையும் டிக் செய்து அழித்தாலும் பாஸ்வேர்டுகள் பத்திரமாகவே இருக்கும்.

ஃபயர்பாக்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்டு' என்று ஒரு வசதியும் இருக்கிறது. அதை வைத்துவிட்டால், சேமித்தவற்றைப் பயன்படுத்தும் முன் அது கேட்கும். வீட்டில் நாலு பேர் ஒரே கம்ப்யூட்டரைத் தொடுகிறார்கள் என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் நீக்க நினைக்கிறீர்கள் என்றால், முதலில் இதை முயன்று பார்க்கலாம்.

எட்ஜ், பிரேவ், ஓபரா?

மூன்றுமே குரோமுக்கு அடியில் உள்ள அதே குரோமியத்தில் கட்டியவை, ஆகவே வழியும் ஏறக்குறைய அதேதான். செட்டிங்ஸ் போய்ப் 'பாஸ்வேர்டு' என்று தேடுங்கள்.

எட்ஜ் பற்றி ஒரு விஷயம் மட்டும். வேறு பிரவுசரில் இருப்பதை எட்ஜுக்குள் கொண்டுவரும் இம்போர்ட் வசதியை ஆரம்பத்திலேயே அது எடுத்து நீட்டும். யோசிக்காமல் சரி சொல்லியிருந்தால், குரோமில் இருந்த பாஸ்வேர்டுகளின் இன்னொரு பிரதி எட்ஜில் இருக்கும். குரோமில் நீக்கினால் அது போகாது. இன்ஸ்டால் செய்த ஒவ்வொரு பிரவுசரையும் ஒருமுறை திறந்து பாருங்கள், 'நான் அதைப் பயன்படுத்துவதே இல்லை' என்பதையும் சேர்த்து.

ஐஃபோனிலும் மேக்கிலும்?

2024-ல் வந்த ஐஓஎஸ் 18, மேக்ஓஎஸ் செக்கோயா முதல் இதற்கென்றே 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தனி ஆப் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஐஃபோனின் செட்டிங்ஸில் 'பாஸ்வேர்ட்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். ஐஓஎஸ் 17, மேக்ஓஎஸ் சொனோமா முதல், பதிவைத் திறந்து நீக்கினால் அது உடனே அழியாது. 'ரீசன்ட்லி டெலிட்டட்' என்ற இடத்துக்குப் போய் 30 நாள் இருக்கும். தவறிப் போனால் மீட்க வசதி. ஆனால் ஃபோனை வேறொருவர் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அங்கேயும் போய் நீக்க வேண்டும். சஃபாரியின் வரலாற்றை அழிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பாஸ்வேர்டு போய்விட்டது, ஆனால் கட்டத்தில் தட்டும்போது என் மின்னஞ்சல் மட்டும் கீழே எட்டிப் பார்க்கிறதே?

அது பாஸ்வேர்டு பட்டியலில் இருந்து வருவது இல்லை. படிவங்களில் முன்பு தட்டியதைப் பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் ஆட்டோஃபில். விண்டோஸில் அந்தப் பெயரின் மேல் கீழ்நோக்கு அம்புக்குறியால் போய் நின்று, ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் அந்த ஒன்று மட்டும் போய்விடும்.

தவறி நீக்கிவிட்டேன். திரும்ப எடுக்க முடியுமா?

ஆப்பிளில் மேலே சொன்ன 30 நாள் இருக்கிறது. மற்றவற்றில், நீக்கியவுடன் திரையோரத்தில் 'அன்டூ' என்று சில விநாடி தெரிந்தால் அதை அழுத்தலாம். அதுவும் போய்விட்டால், அதே கணக்கு உள்ள இன்னொரு கருவி அப்போது இணையத்தில் இல்லாமல் இருந்ததா என்று யோசியுங்கள். மூடி வைத்த பழைய லேப்டாப் போதும். வைஃபையை அணைத்துவிட்டு அதைத் திறந்தால், சிங்க் நடக்காததால் பழைய பட்டியல் அதில் இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. வேண்டியதைக் குறித்துக்கொண்ட பிறகு இணையத்தோடு இணையுங்கள்.

நீக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வைக்கலாமா?

எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் 'எக்ஸ்போர்ட்' இருக்கிறது, சி.எஸ்.வி. கோப்பாகத் தரும். கவனம், அந்தக் கோப்பில் பூட்டு எதுவும் கிடையாது. நோட்பேடில் திறந்தால் வரிக்கு ஒரு தளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு என்று அத்தனையும் பச்சையாகத் தெரியும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் தானாகவே கிளவுடுக்கு நகலாகும்படி வைத்திருந்தால் அங்கேயும் ஒன்று போய் உட்காரும்.

தனிப் பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாறுவதற்காக எடுக்கிறீர்கள் என்றால், எடுத்த கையோடு அதில் ஏற்றி, நாலைந்து பதிவுகளைத் திறந்து சரிபார்த்து, கோப்பை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் பிரவுசரில் உள்ளதை நீக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் இல்லாமல் நிற்க நேரும். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று அந்தக் கோப்பை டெஸ்க்டாப்பில் விட்டு வைப்பதற்கு, நீக்காமலே இருந்திருக்கலாம்.

திரையில் புள்ளி புள்ளியாகத்தானே தெரிகிறது? பக்கத்தில் இருப்பவர் எப்படிப் பார்க்க முடியும்?

பாஸ்வேர்டு மேனேஜருக்குள் போய்க் கண் படத்தை அழுத்தினால் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் லாகின் பக்கத்தில் பிரவுசர் தானாகவே நிரப்பிவிடுகிறதே, அங்கே எதுவும் கேட்பதில்லை. புள்ளிகளின் மேல் வலது கிளிக், 'இன்ஸ்பெக்ட்'. பக்கத்தின் நிரலில் அந்தக் கட்டத்தின் வகை 'பாஸ்வேர்டு' என்று எழுதியிருக்கும். அதை அழித்து 'டெக்ஸ்ட்' என்று தட்டினால் புள்ளிகள் எழுத்துகளாகிவிடும். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒருமுறை செய்து பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

திரையைப் பூட்டாமல் எழுந்து போனால் இதுதான் ஆபத்து. எல்லோரும் தொடும் கம்ப்யூட்டர் என்றால் ஒவ்வொருவருக்கும் தனி விண்டோஸ் அல்லது மேக் பயனர் கணக்கு வைப்பது நல்லது. குரோமில் தனித்தனி புரொஃபைல் வைத்தால் பட்டியல்கள் கலக்காது. ஆனால் யார் வேண்டுமானாலும் அடுத்தவர் புரொஃபைலை அழுத்தித் திறந்துவிடலாம், அதனால் அதைப் பாதுகாப்பாக எண்ணிவிட வேண்டாம்.

வேறொருவர் கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டேன். இப்போது அது என் கையில் இல்லை. என்ன செய்ய?

எது நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 'சேவ்' அழுத்தியது மட்டும் என்றால், அந்த ஒரு பாஸ்வேர்டு அவர்களுடைய பிரவுசரில், ஒருவேளை அவர்களுடைய கணக்கிலேயே சேர்ந்திருக்கும். தூரத்தில் இருந்து அதை எடுக்க வழியில்லை. தளத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அவர்களிடம் இருப்பது வெறும் எழுத்துகளாகிவிடும்.

பிரவுசருக்குள்ளேயே உங்கள் கணக்கோடு நுழைந்து சிங்க்கும் செய்திருந்தால் விஷயம் பெரிது. உங்கள் முழுப் பட்டியலும் அங்கே இறங்கியிருக்கலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்து அங்கிருந்தே வெளியேற்றுங்கள், பிறகு கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதோடு நிறுத்தாமல் வங்கி, மின்னஞ்சல் போன்ற முக்கியமானவற்றையும் மாற்றிவிடுங்கள்.

இனிமேல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் குரோமின் 'கெஸ்ட்' விண்டோவைத் திறங்கள். இன்காக்னிட்டோவும் இதுவும் ஒன்றில்லை. இன்காக்னிட்டோவில் அந்த புரொஃபைலில் ஏற்கெனவே சேமித்த பாஸ்வேர்டுகளை நிரப்ப முடியும். கெஸ்ட்டில் அவை எட்டியே பார்க்காது.

பழைய லேப்டாப்பை விற்கப் போகிறேன். பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டுமா?

வேண்டாம். சிங்க் இயங்கும்போது உட்கார்ந்து நீக்கினால் புது லேப்டாப்பில் இருந்தும் போய்விடும், மேலே சொன்னதுதான். பிரவுசர் கணக்குகளில் இருந்து வெளியேறி, கருவியை முழுமையாக ரீசெட் செய்யுங்கள்.

பிரவுசரையே அன்இன்ஸ்டால் செய்துவிட்டால்?

கம்ப்யூட்டரில் அது போதாது. பிரவுசர் போனாலும் புரொஃபைல் ஃபோல்டர் தங்கிவிடும். குரோமை நீக்கும்போது 'பிரவுசிங் தரவையும் நீக்கு' என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால், நாளை மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது எல்லாம் அப்படியே வரும். கணக்கில் சிங்க் ஆனது எப்படியும் கணக்கிலேயே இருக்கும்.

கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டது. உடனே எல்லாப் பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டேன். போதுமா?

போதாது. பிரவுசரில் சேமித்ததைத் திருடுவதற்கென்றே ரெட்லைன், லுமா போன்ற நிரல்கள் உலவின. 2024 அக்டோபரில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து ரெட்லைனையும், 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் காவல் அமைப்புகளும் லுமாவையும் முடக்கின. ஆனாலும் இந்த வகையறா ஓயவில்லை. பிரவுசர் பாஸ்வேர்டுகளை மறையாக்கம் செய்துதான் வைக்கிறது. விண்டோஸில் அதைத் திறக்கும் திறவுகோல் நீங்கள் லாகின் செய்திருக்கும் கணக்கோடு கட்டியது. உங்கள் கணக்கிலேயே ஓடும் கள்ள நிரலும் அதைக் கேட்டு வாங்க முடிந்தது. இதைக் கடினமாக்கத்தான் 2024-ல் குரோம் 127-ஆம் பதிப்பில் கூகுள் இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. முதலில் அது குக்கீகளுக்குத்தான் வந்தது.

இந்த நிரல்கள் வந்த சில நிமிடங்களிலேயே அள்ளிக்கொண்டு போய்விடும். நீங்கள் பிறகு நீக்குவது காலி அலமாரியைப் பூட்டுவதுதான். சரியான வரிசை இது: தொற்று இல்லாத வேறொரு கருவியை எடுங்கள். முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மீட்கும் வழி அதுதான். பிறகு பணம் சம்பந்தப்பட்டவை, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் 'எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். குக்கீயையும் சேர்த்துத்தான் திருடுகிறார்கள். அது கையில் இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறுக்கே வராது.

'சேவ் செய்யவா' என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறது. நிறுத்த முடியுமா?

பாஸ்வேர்டு செட்டிங்ஸில் 'ஆஃபர் டு சேவ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அணைத்துவிடுங்கள். அணைப்பதால் ஏற்கெனவே சேமித்தவை போகாது.

ஒரு தளத்துக்கு 'நெவர்' அழுத்திவிட்டேன், இப்போது கேட்கவே மாட்டேன் என்கிறது.

அதே செட்டிங்ஸ் பக்கத்தில், மறுத்த தளங்களின் பட்டியல் தனியாக இருக்கும். அதில் இருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டால் மறுபடி கேட்கும். வேறொரு காரணத்துக்காகவும் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது: நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்பது அதில் எழுதியிருக்கும், பாஸ்வேர்டுகளை நீக்கினாலும்.

அப்படியானால் பிரவுசரில் பாஸ்வேர்டே வைக்கக் கூடாதா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நினைவில் நிற்கட்டும் என்று பத்துத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போடுகிறவர், நீக்கியதால் முன்பைவிட மோசமான இடத்துக்குத்தான் போகிறார். ஒரு தளத்தில் இருந்து கசிந்தால் மற்ற ஒன்பதும் திறந்துகொள்ளும். உங்களுக்கு மட்டுமான கருவி, வலுவான திரைப்பூட்டு, கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, இவை இருந்தால் பிரவுசரில் வைப்பதில் பெரிய தவறில்லை. இன்னொரு லாபமும் உண்டு. போலித் தளத்தின் முகவரி வேறாக இருப்பதால் பிரவுசர் அங்கே பாஸ்வேர்டை நிரப்பாது. பழகிய தளத்தில் திடீரென்று நிரப்பாமல் நின்றால், நீங்களே தட்டும் முன் முகவரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பட்டியலில் 'பாஸ்கீ' என்று சில இருக்கின்றன. அவற்றையும் நீக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பாஸ்கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கருவியே உள்ளே நுழைய வைக்கும் ஒரு டிஜிட்டல் சாவி. பாஸ்வேர்டை நீக்கினாலும் நினைவில் இருந்து தட்டலாம். பாஸ்கீயைத் தட்ட முடியாது. அதன் ரகசியப் பாதி உங்கள் கருவியில் அல்லது பாஸ்வேர்டு மேனேஜரில்தான் இருக்கிறது, தளத்திடம் இருப்பது பொதுப் பாதி மட்டும். ஆகவே அந்தத் தளத்துக்குள் போக வேறு வழி, அதாவது பாஸ்வேர்டோ இன்னொரு பாஸ்கீயோ, இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு தளத்தின் பாதுகாப்பு செட்டிங்ஸில் அந்தப் பாஸ்கீயை நீக்கிவிட்டு, பிரவுசரில் உள்ளதையும் நீக்குங்கள். பிரவுசரில் மட்டும் நீக்கினால் தளம் அதை இன்னும் எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.